காதோரம் இரண்டு குதிகால்கள்

கதாநாயகன் மொட்டை மாடியிலிருந்து பாய்ந்து, சந்துக்கு மேலே பறந்து, எதிர்க் கட்டடத்தின் கைப்பிடிச் சுவரைப் பற்றித் தொங்குகிறான் என்றால், முகத்தைக் காட்டுபவர் ஒருவர், உடம்பைக் கொடுப்பவர் இன்னொருவர். முகத்தை ஊரே அறியும். உடம்பைக் கொடுக்கும் டூப்பைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். அந்த டூப்பின் முதுகில் மாட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் ஆளை மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் பிடித்த கயிற்றையே கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட கயிற்றுக்காரர் இவர். சண்டைப் பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் ‘குதிகால் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு சாமான் ஏற்றுகிற வேலை. வீடு மாற்றுகிறவர்களின் பீரோ படிக்கட்டில் திரும்பாவிட்டால், பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றுவார். ஒருநாள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நான்காம் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த சண்டை மாஸ்டர் பார்த்துவிட்டு, டம்ளரோடு சாலையைக் கடந்து வந்தார்.

“கண்ணாடியை இவ்வளவு பதமா தூக்குறியே, ஆளைத் தூக்குவியா?”

“கண்ணாடி உடைஞ்சா வேற வாங்கிக் கொடுத்துரலாம். ஆள் உடைஞ்சா எங்க போய் வாங்குறது?”

“இந்தப் பயம் இருக்கிறவன்தான் எனக்கு வேணும்” என்ற மாஸ்டர் அவரைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்.

கூடத்தில் யாரும் எதையும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கற்றார். மற்ற கயிற்றுக்காரர்கள் குதிப்பவனின் தோளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிலர் மாஸ்டரின் வாயைப் பார்ப்பார்கள். இவர் கண்டுபிடித்தது குதிகால். பாய்வதற்கு ஒரு கணம் முன்னால் குதிகால்தான் தரையை விடும். அப்போதே கயிற்றின் தொய்வை இழுத்துக்கொண்டால், குதித்தவனைக் காற்று தூக்குவது போல இருக்கும். “முகம் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும். குதிகால் பொய் சொல்லாது” என்பார். புதிதாகக் கயிறு தொடுபவர்கள் பராக்குப் பார்த்தால் அடிவயிற்றிலிருந்து ஒரு அதட்டல் வரும்: “கண்ணு எங்கடா? குதிகால்ல!” அந்த அதட்டலே பட்டப்பெயராகிவிட்டது.

அந்தக் கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கயிற்றுக்காரர் ஒருவனைக் காட்டி, “என் கயிறுல இவன் வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. மாஸ்டர் ஏன் என்று கேட்கமாட்டார். மற்ற கயிற்றுக்காரர்களும் அவனைத் தொடமாட்டார்கள். அதேபோல, குதிப்பவனும் ஒரு கயிற்றுக்காரரைக் காட்டி, “இவர் கயிறுல வேண்டாம்” என்று சொல்லலாம். உயிர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்குகிற தொழிலில் இதற்குமேல் விசாரணை வைத்துக்கொள்ள முடியாது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டவர் இதுவரை யாரும் இல்லை.

இவர் அந்த வார்த்தையை வாழ்க்கையில் ஒரே ஒருவனைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவனுக்குப் பெயர் பூனை. எங்கிருந்து விழுந்தாலும் காலில்தான் நிற்பான் என்பதால் அந்தப் பெயர். மேலே சொன்னேனே, சந்தைத் தாண்டுகிற காட்சி, அதில் உடம்பைக் கொடுத்தவன் அவன்தான். முதல் தடவை நன்றாகவே பாய்ந்தான். இன்னொரு கோணத்தில் வேண்டும் என்று இயக்குநர் கேட்டார். “மூணு, ரெண்டு, ஒண்ணு, போ” என்று மாஸ்டர் குரல் கொடுப்பதுதான் கணக்கு. இரண்டாம் தடவை கயிறு தொய்ந்தே கிடக்க, பூனை சுவரின் மேல்விளிம்புக்கு எட்டாமல் கீழே போய் மோதினான். கணுக்கால் முறிந்தது. தரை வரை போகாமல் பாதி வழியில் நின்றதற்குக் காரணம், ஓடுகிற கயிற்றைக் குதிகால் அண்ணன் வெறும் கையால் இறுக்கிப் பிடித்தது. வலது உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போய்விட்டது.

“என்ன ஆச்சு?” என்று மாஸ்டர் கத்தினார்.

“‘போ’ சொல்றதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான்” என்றார் இவர், கையை உதறிக்கொண்டே. “அவசரம். எல்லாத்துலயும் அவசரம். என் கயிறுல இனிமே இவன் வேண்டாம்.”

மாஸ்டர் கதாநாயகனின் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தவர். மற்றவர்கள் கீழே நின்றவர்கள். கயிற்றுக்காரரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பூனையே, “அப்படித்தான் இருக்கும் மாஸ்டர். எனக்கு நெனவில்ல. அண்ணன் பிடிச்சதாலதான் உயிரோட இருக்கேன்” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பூனை என்ற பெயர் போய், ‘அவசரம்’ என்று ஆகிவிட்டது. கால் சரியாகி வந்தபோது அவனைக் கயிற்றில் ஏற்ற யாரும் இல்லை. கொஞ்ச நாள் கூடத்தின் வாசலில் நின்றான். பிறகு வருவதில்லை.

உள்ளங்கைத் தழும்பு இவருக்கு ஒரு பதக்கம் போல ஆயிற்று. கல்யாணவீட்டில் யாராவது தொழிலைப் பற்றிக் கேட்டால் மனைவியே அவர் கையைப் பிடித்து விரித்துக் காட்டுவாள். மாஸ்டர் அவரைக் கயிற்றுக்குத் தலைவராக்கினார்.

படம் ஓடி முடிந்து, அதன் டிஸ்க் கடைக்கு வந்தது. மனைவியின் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை வாங்கிக்கொண்டு வந்து, கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தார்.

“மாமா, படத்தை விடுங்க, அதான் தியேட்டர்லயே பார்த்தாச்சே. இதுல எக்ஸ்ட்ரா எல்லாம் போட்டிருக்கான். வெட்டின சீன், டைரக்டர் பேசுறது, அப்புறம் மேக்கிங். மேக்கிங்ல நீங்க இருக்கீங்கன்னு கடைக்காரன் சொல்றான்!”

“கடைக்காரனுக்கு என்னை எப்படிடா தெரியும்?”

“நான்தான் சொல்லி வச்சிருந்தேன். அவன் தேடிப் பார்த்துட்டுச் சொன்னான். சும்மா இல்ல மாமா, குளோசப்!”

மேல்வீட்டு அக்காவும் அவர் கணவரும் அழைக்கப்பட்டார்கள். போட்டோ கடையில் வேலை பார்க்கும் மகள் ரிமோட்டைக் கைப்பற்றினாள். நாற்காலி போதாமல் தம்பி தரையில் உட்கார்ந்தார். சோபாவின் நடுவில் மாப்பிள்ளையை உட்காரவைத்தது போல இவரை உட்காரவைத்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்றாலும், இவர் சட்டையை மாற்றிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார்.

மேக்கிங்கில் இயக்குநர் வந்தார், கதாநாயகன் வந்தார், கார் எரிந்ததை நான்கு கோணத்தில் காட்டினார்கள். மேல்வீட்டுக்காரர் கொட்டாவி விட்டார்.

“இருங்க சார், என் மாமா கடைசியிலதான் வருவார். பெரிய ஆளுங்க லேட்டாத்தான் வருவாங்க” என்றார் தம்பி.

பிறகு அந்த மொட்டை மாடி வந்தது. துள்ளலான ஒரு இசை. கை அசைவில் ஆடுகிற சின்ன கேமரா கூட்டத்தின் ஊடே போய் ஒரு முதுகின்முன் திரும்பி நின்றது. “அண்ணே, இப்படி ஒரு தடவை பாருங்க” என்று ஒரு பெண்ணின் குரல். முதுகுக்கு உரியவர் திரும்பினார். வலது கையால் தலைமுடியைக் கோதிவிட்டார். வாய் நிறையச் சிரித்தார். அடுத்த நொடி வேறு காட்சிக்குத் தாவிவிட்டது.

அறையே கைதட்டியது.

“என்னங்க இது!” என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “கல்யாண போட்டோவுலகூட நீங்க இப்படிச் சிரிக்கலையே!”

“அப்ப பக்கத்துல நீ நின்னே அக்கா, அதான்” என்றார் தம்பி.

“அடி வாங்கப்போற நீ.”

“அப்பா, அப்பா, இருங்க, திரும்பப் போடுறேன்!” மகள் பின்னால் ஓட்டி, சிரிப்பின் உச்சியில் சரியாக நிறுத்தினாள். திரையில் இடுப்புவரை அவர்தான்.

எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பழக்கதோஷத்தில் வேறொன்றைப் பார்த்தார். அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில், தொலைவில், மாடியின் விளிம்புக்கு மேலே காற்றில் இரண்டு குதிகால்கள்.

தலைமுடியைக் கோதிய கையில் கையுறை இல்லை. அது இடது கக்கத்தில் செருகியிருந்தது. இடது கையில் பிடித்திருந்த கயிறு மாலை போலத் தொய்ந்து தொங்கியது.

“சூப்பர் மாமா” என்று தம்பி முதுகில் தட்டினார். அவர் சிரித்தார். சிரித்ததை நினைத்து உடனே கூசினார். திரையில் இருந்ததும் அதே சிரிப்புதான்.

மறுநாள் மனைவி கடைக்குப் போயிருந்தபோது தனியாகப் போட்டுப் பார்த்தார். இசையின் அடியில் மாஸ்டரின் குரல் மெல்லியதாகக் கேட்டது. ஒலியைக் கூட்டிவிட்டுத் திரையின் பக்கத்தில் போய் நின்றார். மூணு. ரெண்டு. இவர் திரும்புகிறார். ஒண்ணு. கை தலைக்குப் போகிறது. போ. சிரிக்கிறார். ‘போ’வுக்குப் பிறகுதான் குதிகால் எழுகிறது. அளந்து வைத்தது போல, கச்சிதமாக.

பூனை அவசரப்படவே இல்லை.

அப்படியானால் அன்று தான் சொன்னது? பொய் என்று தெரிந்து சொன்னாரா? இல்லை. கயிறு ஓடுகிற வேகத்தைக் கையில் உணர்ந்ததும், அவன்தான் முந்திவிட்டான் என்று அவர் மனது அந்த நொடியே முடிவு கட்டிவிட்டது. கேமராவைப் பார்த்ததையே மனது கழற்றி எறிந்துவிட்டது. கையுறை எங்கே என்று மாஸ்டர் ஒருமுறை கேட்டதும், வியர்வைக்காகக் கழற்றியதாகச் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தன. மறந்தாரா, மறைத்தாரா, அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. முதல்முறையாக ஒரு கேமரா தன்னைக் கூப்பிட்டது. பல் இளித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். இந்த ஆள்தான் ‘கண்ணு எங்கடா’ என்று ஊரை அதட்டியவர்.

கூடத்துக்குப் போனால் அங்கேயும் டிஸ்க் பேச்சுதான். “அண்ணே, சினிமா ஸ்டாராயிட்டீங்க, எங்களையெல்லாம் ஞாபகம் வச்சுக்கோங்க” என்றான் சுருட்டை. இவருக்கு அடுத்தபடியாகக் கயிறு பிடிப்பவன் அவன். தலைமுடி சுருட்டையாக இருப்பதால் அந்தப் பெயர்.

மாஸ்டர் வேறு கவலையில் இருந்தார். புதிய படத்தில் பழைய மணிக்கூண்டிலிருந்து ஒரு பாய்ச்சல் வேண்டுமாம். “நம்பிக் குதிக்கவைக்க ஒருத்தன் இல்லையேப்பா. பூனை இருந்தப்ப இதெல்லாம் ஒரு விஷயமா?”

“அவசரத்தைக் கூப்பிடலாம் மாஸ்டர்” என்றான் சுருட்டை. “மணிக்கூண்டுல ஏறச் சொன்னா, பாதிப் படியிலேயே குதிச்சிருவான்.”

கூடம் சிரித்தது. மாஸ்டர் இவர் முகத்தைப் பார்த்தார். “என்ன குதிகால், நீ என்ன சொல்ற?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய்வரை வந்தது. எல்லோர் கண்ணும் அவர்மேல் இருந்தது. அவரும் சிரித்துவிட்டார். “நல்லாச் சொன்னான் சுருட்டை” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பாட்டை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். கணுக்காலை உடைத்ததாவது தெரியாமல் நடந்தது. இன்று சிரித்தது தெரிந்தே சிரித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. “உப்பு சரியில்லையா?” என்று மனைவி கேட்டாள். “எனக்குத்தான் சரியில்ல” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டொரு நாள் கழித்து மகள் கடையிலிருந்து ஒரு பெரிய படத்தோடு வந்தாள். திரையில் நிறுத்திய அந்தக் காட்சியை எடுத்துப் பெரிதாக்கி, மாதிரிக்கு ஒன்று அச்சடித்திருந்தாள். வீட்டுக்கு ஒன்று, கூடத்தில் மாட்ட ஒன்று, சட்டம் போட்டுக் கொடுப்பதாக உத்தேசம். மேசைமேல் விரித்து வைத்தாள்.

“நல்லா வந்திருக்குல்ல? ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. இதோ, உங்க காதுக்குப் பக்கத்துல ஏதோ கறுப்பா ரெண்டு தெரியுது பாருங்க. காக்காவா என்னன்னு தெரியல. பார்க்க நல்லா இல்ல. நாளைக்குக் கடையில அழிச்சிட்டு, ஃபைனல் பிரிண்ட் போட்டுரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை.”

அவர் விரலை அந்தக் கறுப்பின்மேல் வைத்தார். அழித்தால் உலகத்தில் எவனுக்கும் தெரியாது. டிஸ்க்கில் அதைத் தேடிப் பார்க்கிற கண் தன் ஒருவனுடையதுதான். அவர் பிடித்த கயிறுகளை எத்தனையோ படத்தில் இப்படித்தான் அழித்திருக்கிறார்கள்.

“அழிக்காதே” என்றார்.

“ஏன்பா?”

“அது காக்கா இல்லம்மா. ஒருத்தனோட கால்.”

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். தொய்ந்த கயிறு, கக்கத்துக் கையுறை. கெட்டிக்காரி. “அப்பா…” என்று மட்டும் சொன்னாள். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்ன, என்ன?” என்றாள். அவர் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

பூனை வேலை பார்ப்பது மரச்சாமான் கிடங்கில் என்று விசாரித்து வைத்திருந்தார். வேலை விட்டு வரும் நேரம் பார்த்து வீட்டுக்கே போனார். இரண்டு அறை வீடு. பூனையின் மனைவி கதவைத் திறந்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்கண்ணே! கையால பிடிச்சுக் காப்பாத்தின அண்ணன்! உட்காருங்க. அவர் இப்ப வந்துருவார். இந்த முக்கு வரைக்கும் வந்திருப்பார், ரோட்டைக் கடக்கத்தான் நேரமாகும்.”

“ஏன், ரோட்டுல கூட்டமா?”

“கூட்டமெல்லாம் இல்லண்ணே. பச்சை விழுந்தாலும் நின்னுக்கிட்டே இருப்பார். நமக்கு ‘போ’ன்னு தோணுறது சரியா இருக்காதும்பார். அடுத்தவங்க ரெண்டு பேர் இறங்கினப்புறம்தான் காலை வைப்பார். பஸ்சைக்கூட அப்படித்தான் கோட்டை விடுவார். ஒரு காலத்துல மாடிக்கு மாடி தாவின மனுஷன்!” அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நாற்காலியில் அவர் கூனிக் குறுகிப்போனார். தண்ணீர் கொடுத்தாள். வாங்கியவர் குடிக்கவில்லை.

பூனை வந்தான். சற்றே சாய்ந்த நடை. “அண்ணே! நீங்களா? டிஸ்க்குல வந்துட்டீங்களாமே. எங்க வீட்டுல டிஸ்க் போடுற பெட்டி இல்ல, பார்க்கல.”

“அதுக்குத்தான் வந்தேன்.” சுருளை விரித்து முழங்காலின்மேல் வைத்தார். மூலை சுருண்டுகொண்டே இருந்தது. பிடித்துக்கொண்டார். “தம்பி, என் மூஞ்சியைப் பார்க்காதே. காதுக்குப் பக்கத்துல பாரு.”

பூனை குனிந்தான். தன் காலை அடையாளம் தெரிந்துகொள்ள அவனுக்கு நேரம் ஆகவில்லை. கயிற்றைத் தெரிந்துகொள்ளத்தான் நேரமாயிற்று.

“இதுக்கு முன்னாடி மாஸ்டர் ‘போ’ சொல்லிட்டார்” என்றார். “அதுல சத்தம் கேக்குது. நீ சரியாத்தான் கிளம்பியிருக்கே. நான்தான்… இப்படி நின்னுக்கிட்டிருந்தேன்.”

பூனையின் மனைவி படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை.

“சிரிச்சுக்கிட்டா நின்னீங்க?” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

“ஆமாம்மா.”

“எங்கப்பா ரெண்டு வருஷமா இவரை அவசரக்குடுக்கைன்னு திட்டுறார். எம்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல…” என்று ஆரம்பித்தவள், கணவன் கையைத் தூக்கியதும் நிறுத்திக்கொண்டாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன்” என்றான் பூனை. குரல் மிகவும் மெதுவாக வந்தது. “நான் ‘போ’ கேட்டுத்தான் போனேனா? நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்குக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. அப்பவே கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. நீங்க இல்லைன்னீங்க. உங்க கண்ணு தப்பாதுன்னு நான்தான் என் காதைச் சந்தேகப்பட்டேன்.” அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “கோவம் வரணும். வரும்னு நெனைக்கிறேன், கொஞ்சம் கழிச்சு வரும். இப்ப என்கிட்ட மட்டும் சொல்லி என்னண்ணே ஆகப்போகுது? பேரு வச்சது எல்லாரும் இருக்கும்போதுதானே?”

“நாளைக்குக் காலையில கூடத்துக்கு வா” என்றார்.

மறுநாள் பயிற்சி தொடங்கும்முன் மாஸ்டர் டீ குடிக்கிற நேரம் எல்லோரும் கூடத்தில்தான் இருப்பார்கள். பூனை வாசல் வரை வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றான். சுருட்டை பார்த்துவிட்டு, “அட, அவசரம்! இன்னைக்கு என்ன லேட்டு?” என்றான்.

“அந்தப் பேரை இனிமே சொல்லாதே” என்றார் குதிகால் அண்ணன். “மாஸ்டர், ஒரு நிமிஷம்.”

சுவரில் இருந்த டிவியில் டிஸ்க்கைப் போட்டார். சரியான இடத்தில் நிறுத்த முடியவில்லை. மூன்று தடவை தாண்டிப் போய்விட்டது. மூன்று தடவையும் அவர் முகம் வந்து சிரித்துவிட்டுப் போனது. கூடத்தில் ஒருவன் தெரியாமல் கைதட்டினான். கடைசியில் நின்றது. எது எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “‘போ’வுக்கு அப்புறம்தான் கால் எழும்புது. நான் கேமராவைப் பார்த்துத் தலை சீவிக்கிட்டிருந்தேன். இவன் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்குறேன். மணிக்கூண்டுக்கு ஆள் தேடி நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும் மாஸ்டர். தெரிஞ்சும் சிரிச்சேன்.”

மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். “கை வெந்துபோச்சேன்னு உன்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினேனேடா” என்றார். “கையுறை எங்கன்னு கேட்டேன் பாரு. அதோட விட்டுட்டேன் பாரு. என்னைச் சொல்லணும்.” அதட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் அதட்டவில்லை. வாசல் பக்கம் திரும்பி, “உள்ள வா பூனை” என்றார்.

பூனை யாராவது முதலில் நகர்வார்களா என்று பார்ப்பது போல ஒரு கணம் நின்றான். பிறகு வந்தான்.

“மணிக்கூண்டு ஒண்ணு இருக்கு. குதிக்கிறியா?”

“குதிக்கிறேன் மாஸ்டர்.”

“யாரு கயிறு?”

பூனை இவரைப் பார்த்தான். அதில் வன்மம் இல்லை. பாரம் தாங்குமா என்று ஒரு கொக்கியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“இவர் கயிறுல வேண்டாம்” என்றான்.

அந்த வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது என்பது இவருக்குத் தெரியாததல்ல. இடுப்பில் செருகியிருந்த கையுறைகளை எடுத்துச் சுருட்டையிடம் கொடுத்தார். சுருட்டை வாங்கக் கூசி நின்றான். “பிடிடா” என்றார். “கண்ணு குதிகால்ல” என்று வழக்கமாகச் சேர்த்துச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் விழுங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி முதலில் நம்பவில்லை. பிறகு அழுதாள். கல்யாணவீடுகளில் அந்தக் கையை எத்தனை பேரிடம் விரித்துக் காட்டினேன் என்று அழுதாள். அவளுக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அது நியாயம்தான் என்று அவரும் நினைத்தார். அவள் தம்பி சில வாரம் வீட்டுப்பக்கம் வரவில்லை. வந்தபோதும் பேச்சில் கேலி இல்லை. அதுதான் இவரைக் கொன்றது.

கயிற்றிலிருந்து இறங்கியவருக்குக் கூடத்தில் மிஞ்சியது பெட்டி அடுக்குகிற வேலை. குதிப்பவன் விழுகிற இடத்தில் காலி அட்டைப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, மேலே மெத்தை போடவேண்டும். மாஸ்டர் போகச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. இளையவர்கள் ஒரு புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் அவர் காதில் விழாமல் பேசினார்கள். பிறகு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். ‘சிரிப்பண்ணன்’. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

மணிக்கூண்டு நாள் வந்தது. சுருட்டை கயிற்றில். இவர் கீழே பெட்டிகளோடு. மேலே விளிம்பில் பூனை. இங்கேயும் சின்னக் கேமராவோடு ஒருவன் சுற்றிக்கொண்டிருந்தான். இவர் பக்கம் அவன் வரவில்லை.

“மூணு, ரெண்டு, ஒண்ணு, போ!”

வேண்டாம் என்றாலும் இவர் கண் குதிகாலுக்குத்தான் போனது. அது எழவில்லை. ‘போ’ சொல்லிக் காற்றில் கரைந்த பிறகு, யாரோ முன்னால் போகட்டும் என்று காத்திருந்தது போலத் தாமதித்து எழுந்தது. கயிறு முந்திவிட, பாய்ச்சல் குட்டையாகிப் பெட்டிகளின் ஓரத்தில் வந்து விழுந்தது. “லேட்டுப்பா, லேட்டு!” என்று மேலிருந்து மாஸ்டர் கத்தினார். “காதுல விழுந்ததும் வா!”

இரண்டாம் தடவையும் தாமதம்தான். அந்தத் தாமதம் யார் கொடுத்தது என்று அங்கே இருவருக்குத் தெரியும். பூனை மறுபடி படியேறிப் போகும்வரை இவர் நசுங்கிய பெட்டிகளை உருவிப்போட்டுப் புதியவற்றைச் சொருகினார். நிமிரவில்லை.

மூன்றாம் தடவை, ‘போ’வும் குதிகாலும் ஒன்றாக எழுந்தன. மெத்தையின் நட்டநடுவில் பூனை காலில் வந்து நின்றான். மேலே கைதட்டல். இவர் கைதட்டவில்லை. அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. சரிந்த மெத்தையை இழுத்துவிடக் குனிந்தார்.

பூனை மெத்தையிலிருந்து இறங்கிக் கால்சட்டையைத் தட்டிக்கொண்டான். போகிற போக்கில் நின்று, பெட்டிகளைப் பார்த்தபடியே சொன்னான்.

“அடுத்த தடவைக்கு இந்த வலப்பக்கம் இன்னொரு வரிசை வேணும்ணே. காத்து அந்தப் பக்கம் தள்ளுது.”

“சரி தம்பி” என்றார். ஒரு பெட்டியை எடுத்துவந்து வலப்பக்கம் வைத்தார்.